கோயில் விரியன்: சிறியதும் பெரியதும் ஒன்றே

குளுவாங் நகரிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் காஹாங் என்னும் சிற்றூரை அடையலாம். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர் பகுதிக்கு இவ்வூரே வாயில். இங்கிருந்து பிரியும் பாதை 50 கிலோமீட்டருக்கும் அதிகமாகச் செம்பனைத் தோட்டங்களின் ஊடாகவும் காட்டின் ஓரமாகவும் சென்று, ஜாக்குன் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பேத்தாவை அடைகிறது. 1985, 1986ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகத்தார் இக்காட்டுக்குள் ஆய்வுப் பயணம் மேற்கொண்டு, இங்குள்ள மரஞ்செடிகளையும் உயிரினங்களையும் விரிவாகப் பதிவு செய்தனர். நாட்டிலேயே மிகப் பழைமையான தாழ்நிலக் காடுகளில் ஒன்று, தோட்டத் தொழிலாளரின் வேலைத் தளத்துக்கு அருகிலேயே இருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

காட்டோரத்தில் உழைப்போர்க்குப் பாம்பு புதிதன்று. எலியைத் தேடிச் செம்பனை நிரைகளுக்குள் வரும் மலைப்பாம்பையும், நஞ்சை உமிழும் கருநாகத்தையும் அறியாத தொழிலாளி இல்லை எனலாம். அவை தரையில் ஊர்பவை. ஓடி மறையும், அன்றேல் படம் எடுத்துத் தம் இருப்பைத் தெரிவிக்கும். இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது அவ்வாறு எதுவும் செய்யாத ஒரு பாம்பு. மார்பு உயரத்துக் கிளையொன்றில் சுருண்டு, இலையோடு இலையாக, ஒரு நாள் முழுவதும் அசையாமல் இருக்கும். அருகில் நின்று ஒருவர் உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு முடித்துச் சென்றாலும் அது இருந்த இடத்தைவிட்டு நகராது. இதுவே கோயில் விரியன். மலாய் மொழியில் இதனை ‘உலார் காப்பாக் தோக்கோங்’ என்பர். ‘காப்பாக்’ என்பது கோடரி; தலையின் வடிவத்தால் வந்த பெயர். ‘தோக்கோங்’ என்பது சீனர் கோயில்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் அருகே சுங்கை குளுவாங் என்னுமிடத்தில் உள்ள சோர் சூ கோங் ஆலயத்தை வாசகர் பலர் பார்த்திருக்கக்கூடும். பாம்புக் கோயில் என்று உலகெங்கும் பெயர் பெற்ற அவ்வாலயத்தின் பீடத்திலும் முற்றத்து மரங்களிலும் கிடப்பவை இப்பாம்புகளே. ஊதுவத்திப் புகையால் அவை மயங்கிக் கிடக்கின்றன என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லப்படுவதுண்டு. புகையே இல்லாத காஹாங் காட்டோரத்திலும் அவை அப்படித்தான் கிடக்கின்றன. இரவில் இரை தேடும் பாம்பு பகலில் அசையாதிருப்பது அதன் இயல்பு. கோயிலைச் சுற்றியிருந்த தோப்புகள் வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறியபின் அங்குப் பாம்புகளின் எண்ணிக்கை குறைந்து போயிற்று. காட்டோரங்களில் அவை இன்றும் வாழ்கின்றன.

விரியன் என்னும் பெயர்

இந்நாட்டுக்கு நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது பாம்புகளின் பெயர்களையும் உடன் கொண்டுவந்தனர். தமிழகத்தில் உயிர்க்கொல்லிகள் எனப்படுபவை நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் மூன்றின் பெயரில் ‘விரியன்’ என்னும் சொல் இருப்பதால், விரியன் என்றாலே சாவு என்னும் எண்ணம் தமிழர் நெஞ்சில் ஊன்றிவிட்டது. அந்த அச்சம் காரணமற்றதன்று. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமப்புறத்தில் வாழ்ந்தவர்கள்.

ஆனால் பெயரைக் கொண்டு பாம்பின் தன்மையை முடிவு செய்வது தவறு. முதலாவதாக, கட்டுவிரியன் உண்மையில் விரியன் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. அது நாகத்துக்கு உறவு. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ அதிகம் இராது. சில மணி நேரம் கழித்துக் கண்ணிமை சரிந்து, பேச்சுக் குழறி, மூச்சுத் திணறும். விரியன்களின் நஞ்சோ பெரும்பாலும் இரத்தத்தையும் தசையையும் தாக்குவது. கடித்த சிறிது நேரத்திலேயே வலியும் வீக்கமும் தோன்றும். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலுதவியிலும் வேறுபாடு உண்டு.

இரண்டாவதாக, கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் மலேசியாவில் இல்லை. இங்குள்ளவை குழிவிரியன்கள் எனப்படும் வேறொரு பிரிவு. இவற்றின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே, முகத்தின் இருபுறமும், ஒவ்வொரு குழி உண்டு. அக்குழிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு வெப்பத்தை உணர்கிறது. ஒரு டிகிரியில் சிறு பகுதியே ஆன வேறுபாட்டையும் அது அறியும். கும்மிருட்டிலும், கிளையில் உறங்கும் குருவியின் உடற்சூடு அதற்கு ஓர் உருவமாகவே புலப்படுகிறது. நம் விரலின் சூடும் அவ்வாறே புலப்படும் என்பது மறக்கத் தக்கதன்று.

குழிவிரியன்களுள்ளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. கெடா, பெர்லிஸ், பினாங்கு போன்ற வட மாநிலங்களில், இரப்பர் மரங்களின் கீழ்ச் சருகுக்குள் பழுப்பு நிறத்தில் படுத்திருக்கும் மலாயாக் குழிவிரியன், தோட்டத் தொழிலாளரின் கால்களுக்குப் பழைய பகை. நகராமல் ஒரே இடத்தில் கிடப்பதால் மலாய்க்காரர் அதனை ‘காப்பாக் போடோ’, அதாவது மூடக் கோடரி என்பர். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், அப்பாம்பு கடித்த நூற்றுக்கணக்கான நோயாளிகளை முறையாக ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். கடிபட்டவரின் இரத்தம் உறையும் தன்மையை நாள்கணக்கில் இழந்துவிடுவதை அவர் விளக்கினார். அந்த ஆராய்ச்சியின் வழியாகவே அந்நஞ்சிலிருந்து ‘ஆன்க்ரோட்’ என்னும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து பிறந்தது. தென்கோடியான ஜொகூர் அந்த மூடக் கோடரியின் வாழிடம் அன்று. கெடாவில் இருக்கும் உறவினர் சொல்லும் கதையைக் கேட்டு, காஹாங் கிளையில் கிடக்கும் பாம்பின்மேல் அக்குற்றத்தைச் சுமத்துதல் முறையாகாது.

ஆண் சிறிது, பெண் பெரிது

கோயில் விரியனைப் பற்றி நிலவும் குழப்பங்களுள் முதன்மையானது இது: தோட்டத்தில் இதை ஒரு பாம்பாக யாரும் கருதுவதில்லை. ‘சிறு பச்சைப் பாம்பு’ ஒன்று, ‘கறுப்பு மஞ்சள் பாம்பு’ வேறொன்று என்று இரண்டாகவே கணக்கிடுகின்றனர்.

பிறக்கும்போது இவ்வினத்தின் குட்டிகள் அனைத்தும் பச்சை நிறமே. முதுகின் இருபுறமும் வெண்மையும் சிவப்பும் கலந்த சிறு புள்ளிகள் வரிசையாக இருக்கும். மூக்கிலிருந்து கண்ணின் வழியாகக் கழுத்தை நோக்கி வெள்ளையும் சிவப்புமான கோடு ஒன்று ஓடும். ஆண் பாம்பு தன் வாழ்நாள் முழுவதும் இக்கோலத்திலேயே இருக்கிறது. அதன் உடல் மெலிந்தது. நீளம் அரை மீட்டர் அளவே. கைவிரல் பருமன்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்போர் அதனைக் குட்டி என்றே எண்ணுவர்.

பெண் பாம்பு வளர வளரத் தன் பச்சையைக் களைந்துவிடுகிறது. முதுகு கறுத்து, குறுக்கே மஞ்சள் பட்டைகள் தோன்றுகின்றன. செதில்களின் நடுவே பச்சையோ மஞ்சளோ பொட்டு வைத்தாற்போல் தெரியும். தலை அகன்று, கறுப்பும் மஞ்சளுமாக, உடலைவிட மிகப் பெரிதாகத் தோன்றும். நீளம் ஒரு மீட்டரை நெருங்கும். நடுவுடல் ஒரு மனிதரின் மணிக்கட்டளவு பருத்திருப்பதும் உண்டு. ஆணையும் பெண்ணையும் அருகருகே ஒரே கிளையில் காண்போர், பெரிய பாம்பு சிறியதை விழுங்க வந்ததாகவே கருதுவர். அவை இணையாக இருக்கக்கூடும்.

இக்குழப்பம் தொழிலாளர்க்கு மட்டும் உரியதன்று. அறிவியலாரும் இவ்வினத்தைச் சரியாகப் பிரித்தறிய நெடுங்காலம் ஆயிற்று. 1827ஆம் ஆண்டு இதற்கு அறிவியற் பெயர் சூட்டப்பட்டது. 1832இல் இளம் வயதிலேயே மறைந்த வாக்லர் என்னும் ஜெர்மானிய ஊர்வன அறிஞரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. தொண்டைச் செதில்களில் மேடு போன்ற வரம்பு இருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் இனப்பெயர். போர்னியோவிலும் பிலிப்பைன்சிலும் காணப்பட்ட ஒத்த பாம்புகள் அனைத்தும் ஒரே பெயரில் இருந்தன. 2007ஆம் ஆண்டில்தான் அவை வெவ்வேறு இனங்கள் எனப் பிரிக்கப்பட்டன. இன்று வாக்லரின் பெயர் தாங்கும் இனம், தென் தாய்லாந்து, மலேசியத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா ஆகிய பகுதிகளுக்கு உரியது.

இப்பாம்பு முட்டையிடுவதில்லை; குட்டி போடுகிறது. ஒரே ஈற்றில் ஒரு டசனுக்கும் அதிகமான குட்டிகள் பிறப்பதுண்டு. தவளை, ஓணான், பல்லி ஆகியன சிறியவற்றின் உணவு. பெரிய பெண் பாம்பு, பறவையையும் எலியையும் பிடிக்கும். ஓடித் துரத்துவது இதன் வழக்கமன்று. இரை தன் முன்னே வரும்வரை காத்திருக்கும். நல்ல கிளை அமைந்துவிட்டால் ஒரே இடத்தில் நாள்கணக்கில் தங்கிவிடும்.

எவ்வாறு அடையாளம் காண்பது?

‘தலை முக்கோணமாக இருந்தால் நச்சுப் பாம்பு’ என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். இந்த ஒரு குறியை மட்டும் நம்பினால் இரண்டு வழியிலும் ஏமாறுவோம். நாகத்தின் தலையும் கட்டுவிரியனின் தலையும் முக்கோணமல்ல; ஆயினும் அவை கொல்லும். மறுபுறம், தீங்கற்ற பாம்புகள் பல அஞ்சும்போது தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும். நம் காடுகளில் ‘பொய் விரியன்’ எனத் தகும் பழுப்பு நிறச் சிறு பாம்பு ஒன்று உண்டு. தலை வடிவம், கண், கோபம் யாவும் விரியனைப் போலவே இருக்கும். மனிதர்க்கு அதனால் பெருந்தீங்கு இல்லை.

தலையின் மேற்புறச் செதில்களைப் பார்க்கச் சொல்வோரும் உளர். விரியன்களுக்குத் தலையில் சிறு சிறு செதில்களும், பிற பாம்புகளுக்குப் பெரிய தகடுகளும் இருக்கும் என்பர். கோயில் விரியனுக்கு இது பொருந்தும். வடக்கே உள்ள மலாயாக் குழிவிரியனுக்கோ தலையில் பெரிய தகடுகளே உள்ளன. மேலும், செதிலை எண்ணும் அளவுக்கு நெருங்கியவர் ஏற்கெனவே ஆபத்தின் எல்லைக்குள் வந்துவிட்டார்.

ஆகவே இரண்டு மீட்டருக்கு அப்பால் நின்று காணக்கூடியவற்றையே நாம் பழகிக்கொள்ள வேண்டும். முதலில் நிலை. தரையில் விரைந்து ஓடுவது கோயில் விரியனாக இருப்பது அரிது. தாழ்ந்த கிளையில், உடலைக் கிளைமேல் மடித்து, தலையை மடிப்பின்மேல் வைத்து அசையாதிருப்பதே அதன் நிலை. அடுத்தது கழுத்து. அகன்ற தலைக்கும் பருத்த உடலுக்கும் இடையே கழுத்து ஒடுங்கி, தலை தனியே ஒட்டவைத்தாற்போல் இருக்கும். மூன்றாவது, கண்ணின் குறுக்கே செல்லும் கோடு. ஆணிலும் பெண்ணிலும் அது தெளிவாகத் தெரியும். கைத்தொலைபேசியின் படக்கருவியால் தூரத்திலிருந்தே பெரிதாக்கிப் பார்த்தால், பகல் வெளிச்சத்தில் கண்மணி பூனைக்கு இருப்பதுபோல் நெட்டுக்குத்தான கீற்றாக இருப்பதும் புலனாகும்.

இதனோடு மயங்கக்கூடிய பாம்புகளுள் நாம் அதிகம் அநீதி இழைப்பது பச்சைக் கொடிப் பாம்புக்கே. கயிறு போல் நீண்டு மெலிந்து, கூர்மூக்குடன் இருக்கும் அதனைத் தமிழகத்தில் கண்கொத்திப் பாம்பு என்பர். கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் என்னும் பழங்கதையை நம் பாட்டிமார் இங்கும் பரப்பிவிட்டனர். அதன் கண்மணி படுக்கைவாட்டில் கீற்றாக இருக்கும், பகலில் சுறுசுறுப்பாக இயங்கும், ஓணான்களைத் தின்னும். அதன் நஞ்சு மனிதரைக் கொல்லாது. ஆயினும் ‘பச்சை விரியன்’ என்று அடித்துக் கொல்லப்படுபவை பெரும்பாலும் இவையே.

கறுப்பு மஞ்சளில் இரண்டு பாம்புகளை நினைவில் வைத்தல் நலம். கழியோரத்திலும் ஆற்றோரத்திலும் மரத்தில் காணப்படும் பூனைக்கண் பாம்பு, பளபளக்கும் கருநிறமும் மெல்லிய மஞ்சள் வளையமும் உடையது. இரண்டு மீட்டருக்கும் மேல் நீளும். கோயில் விரியனின் சொரசொரப்பான தோலும் ஒடுங்கிய கழுத்தும் அதற்கில்லை. மற்றொன்று உண்மையிலேயே அஞ்சத்தக்கது. மஞ்சளும் கறுப்புமான அகன்ற பட்டைகள் மாறி மாறி உடலைச் சுற்றிவர, முதுகு கூரை முகடு போல் உயர்ந்து, வால் நுனி மழுங்கியிருக்கும். இரவில் தரையில் ஊரும். அது மஞ்சள் வரிக் கட்டுவிரியன். மரக்கிளையில் அதனைத் தேட வேண்டுவதில்லை. இரவில் விளக்கின்றி நடக்கும் வரப்பிலும் கால்வாய் ஓரத்திலும் தேட வேண்டும்.

எண்டாவ் ரொம்பின் போன்ற அடர்காடுகளில் வேறு பச்சைக் குழிவிரியன்களும் உள்ளன. சுமத்ரா குழிவிரியன், ஹாகன் குழிவிரியன் ஆகியவற்றின் வால் செம்பழுப்பாக இருக்கும். இவற்றின் நஞ்சு கோயில் விரியனின் நஞ்சைவிட இரத்தத்தைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. எனவே ‘பச்சையாக இருந்தது, கோயில் பாம்புதான், ஒன்றும் செய்யாது’ என்று எவரும் தாமே தீர்ப்பளித்துக்கொள்ளலாகாது.

நஞ்சின் தன்மை

விரியன் நஞ்சு இரத்தத்தைத் தாக்கும் என்று முன்னர்க் கூறினோம். கோயில் விரியன் இவ்விதிக்கு ஒரு விலக்கு. இதன் நஞ்சில் ‘வாக்லரின்’ என்னும் மிகச் சிறிய புரதக்கூறு பெருமளவு உள்ளது. நரம்பிலிருந்து வரும் கட்டளையைத் தசை பெற்றுக்கொள்ளும் வாயிலை அது அடைத்துவிடுகிறது. எலி போன்ற சிற்றுயிர்கள் உடனே செயலிழந்து வீழ்வது இதனால்தான். மரக்கிளையில் வாழும் பாம்புக்கு இது பெரும் வசதி. கடிபட்ட பறவை பறந்துபோய் வேறெங்கோ வீழ்ந்தால் பாம்புக்கு உணவு ஏது? 2017ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்நஞ்சின் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலும் வாக்லரினே முக்கிய இடம் பெறுகிறது.

மனிதரிடத்தில் இக்கடி பெரும்பாலும் கடுமையான எரிச்சலையும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிறது. பலர் சில நாள்களில் நலமடைகின்றனர். அதனால் இதனை விளையாட்டாகக் கையில் எடுப்போரும் உண்டு. பினாங்கில் பாம்பைத் தோளில் போட்டுப் படமெடுத்துக்கொண்ட நினைவில், காட்டில் அதையே செய்ய முற்படுவது பேதைமை. கடியின் கடுமை, செலுத்தப்பட்ட நஞ்சின் அளவு, கடிபட்டவரின் வயது, உடல்நிலை, கடிபட்ட இடம் ஆகியவற்றைப் பொறுத்தது. குழந்தைக்கும் பெரியவர்க்கும் பாம்பு அளந்து கொடுப்பதில்லை.

இந்த வாக்லரினைப் பின்பற்றிச் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று செயற்கையாக ஒரு பொருளைத் தயாரித்தது. முகச் சுருக்கத்தைப் போக்கும் என்று சொல்லி விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் அது சேர்க்கப்படுகிறது. சுருக்கம் போகிறதோ இல்லையோ, மருத்துவம் விரியனுக்குப் பட்ட கடன் வேறிடத்தில் ஐயமின்றி உண்டு. இரத்தக் கொதிப்புக்காகப் பலர் உட்கொண்டுவந்த ‘கேப்டோபிரில்’ மாத்திரை, பிரேசில் நாட்டு ஜரராக்கா என்னும் குழிவிரியனின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாக உருவாக்கப்பட்டது. 1981இல் பயன்பாட்டுக்கு வந்தது. தோட்டத்தில் பாம்பை அடித்துவிட்டு வீடு திரும்பி, அதன் உறவினரால் கிடைத்த மாத்திரையை விழுங்கியவர்கள் நம்மிடையே இருந்திருப்பர்.

கடிபட்டால் செய்ய வேண்டியது

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 54 இலட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கின்றனர். அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கினர் உறுப்பிழப்பு முதலிய நிலையான ஊனத்துக்கு ஆளாகின்றனர். இவ்வூனங்களுள் ஒரு பகுதி பாம்பால் வந்ததன்று. கடித்தபின் மனிதர் செய்ததால் வந்தது.

கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது நம்மிடையே வேரூன்றிய பழக்கம். விரியன் நஞ்சு தசையை அழிக்கும் தன்மையுடையது. இரத்த ஓட்டத்தை நிறுத்தி அந்நஞ்சை ஒரே இடத்தில் தேக்கினால், விரலோ கையோ அழுகிப் போகும். கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒரே வேளையில் உடலில் பரவும். பால்வெட்டும் கத்தியால் கடிவாயைக் கீறுவது அதனினும் கொடிது. இரத்தம் உறையாத நிலையில் கீறிய புண் நிற்காமல் ஒழுகும். நரம்பும் தசைநாரும் அறுபடும். வாயால் உறிஞ்சுவதால் நஞ்சு வெளிவருவதில்லை.

மந்திரித்தும், பாம்புக் கல் வைத்தும் குணமானோர் இல்லையா என்று சிலர் கேட்பர். இருக்கின்றனர். பாம்பு கடிக்கும் ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை என்பதை டாக்டர் ரீட் பினாங்கு நோயாளிகளிடத்திலேயே கண்டார். கடிபட்டவர்களுள் கணிசமானோர்க்கு நஞ்சின் அறிகுறி சிறிதும் இல்லை, அல்லது மிகக் குறைவு. அவர்கள் கல் வைத்தாலும் பிழைப்பர், வைக்காவிட்டாலும் பிழைப்பர். நஞ்சு முழுமையாக ஏறியவரே கல்லை நம்பிக் காலத்தை இழப்பவர்.

செய்ய வேண்டுவன சிலவே. கடிபட்டவரைப் பாம்பிடமிருந்து விலக்கி அமர வைத்து ஆறுதல் கூற வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், இறுக்கமான காலணி ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ, எலும்பு முறிந்தவர்க்குச் செய்வதுபோல், மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வலிக்கென ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. அது இரத்தப் போக்கை மிகுவிக்கும். மது அறவே கூடாது. பின்னர் 999 எண்ணுக்கு அழைத்தோ, கிடைத்த வாகனத்தில் ஏற்றியோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காஹாங் வட்டாரத்தார்க்குக் குளுவாங்கில் உள்ள என்சே புசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனையே பெரிய மருத்துவமனை. உட்புறத் தோட்டங்களில் தொலைபேசி அலை கிடைக்காத இடங்கள் உண்டு. எந்த மேட்டில் ஏறினால் அலை கிடைக்கும், எவரிடம் வாகனம் இருக்கும் என்பதைக் கங்காணியாரும் கிராணியாரும் முன்னரே அறிந்து வைத்திருத்தல் வேண்டும்.

பாம்பை அடித்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டுமா? வேண்டா. இரண்டாவது ஆள் கடிபடுவது பெரும்பாலும் அம்முயற்சியில்தான். வெட்டுண்ட தலையும் சிறிது நேரம்வரை கடிக்கும். தொலைவில் நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். அப்படம் மருத்துவர்க்கு ஏன் தேவை என்பதையும் அறிதல் நன்று. நச்சு முறிமருந்து எல்லாப் பாம்புக்கும் பொதுவானதன்று. இந்தியாவில் செய்யப்படும் முறிமருந்து அங்குள்ள நால்வகைப் பாம்புகளுக்கு உரியது. நம் காட்டுக் குழிவிரியன்களுக்கு அதனை நம்ப முடியாது. நம் மருத்துவமனைகள் பெரிதும் பாங்காக்கில் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கும் முறிமருந்துகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் பச்சைக் குழிவிரியனுக்கு ஒன்று, மலாயாக் குழிவிரியனுக்கு ஒன்று, நாகத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே உண்டு. கோயில் விரியனுக்கென்று தனி முறிமருந்து இல்லை; வலிக்கும் வீக்கத்துக்கும் சிகிச்சை அளித்து, நோயாளியைக் கண்காணிப்பதே வழி. படம் தெளிவாக இருந்தால் தேவையற்ற மருந்து உடலில் ஏறாது. தேவையான மருந்து தாமதமாகாது. முறிமருந்தும் சிலர்க்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால் மருத்துவர் அதனை எளிதில் செலுத்துவதில்லை.

மலேசியச் சுகாதார அமைச்சு 2017இல் பாம்புக்கடிச் சிகிச்சைக்கென வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டுள்ளது. ஐயம் எழுந்தால், பாம்பின் படத்தையும் நோயாளியின் நிலையையும் நச்சுக்கடி வல்லுநர் குழுவுக்குத் தொலைபேசி வாயிலாகத் தெரிவித்து மருத்துவர்கள் ஆலோசனை பெறுகின்றனர். படமே இல்லையெனினும் கவலை வேண்டா. நோயாளியின் இரத்தத்தைச் சிறிது எடுத்து, தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைப்பர். உறைந்தால் நன்று. உறையாமல் நீராகவே நின்றால் இரத்தத்தைத் தாக்கும் நஞ்சு உடலில் உள்ளது என்பது உறுதி. வலி குறைந்துவிட்டது என்று அன்றே வீடு திரும்ப நோயாளி விரும்பினாலும், மருத்துவர் குறைந்தது ஒரு நாளாவது தங்க வைப்பது, இரத்தம் பிந்தியும் கெடக்கூடும் என்பதால்தான்.

வேலைத் தளத்தில்

தரையில் கிடக்கும் பாம்பு காலைக் கடிக்கும். கிளையில் கிடக்கும் பாம்பு கையை, சில வேளைகளில் முகத்தைக் கடிக்கும். முழங்கால் காலணி அணிந்துவிட்டோம் என்பதால் கோயில் விரியனிடமிருந்து காப்புக் கிடைத்துவிடாது. டுரியான் தோப்பிலும், வீட்டுப் பின்புறத்து ரம்புத்தான் மரத்திலும், காட்டோரத்து நிரைகளில் படர்ந்த கொடிகளை அகற்றும்போதும், இலைகளுக்குள் கையை விடுமுன் நீண்ட கழியால் கிளையை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். தட்டினால் அது ஓடாது. ஆனால் அசைவும் நிறமும் கண்ணில் படும். தடித்த கையுறை பயனுள்ளது, முழுக் காப்பாகாது. வைகறையில் வேலைக்குச் செல்வோர் தலைவிளக்கைத் தரையில் மட்டும் வீசாமல் மார்பு உயரத்திலும் வீசிப் பழக வேண்டும். மீன் பிடிக்கவும் கீரை பறிக்கவும் ஆற்றோரம் செல்லும் சிறுவர்களுக்கு இதைப் பெற்றோர் நேரில் காட்டிச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். வாயால் சொன்னால் மறந்துவிடுவர்.

குடியிருப்புக்குள் பாம்பு வந்துவிட்டால், தீயணைப்பு மீட்புத் துறைக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ தெரிவிக்கலாம். பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடித்துச் செல்வர். அவர்கள் வரும்வரை, பெரியவர் ஒருவர் தொலைவில் நின்று அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும். காட்டோரத்து மரத்தில் கண்டால் எவரையும் அழைக்க வேண்டுவதில்லை. மூன்று நான்கு மீட்டர் தள்ளி, பார்வையில் படும் இன்னொரு மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அடுத்து வரும் வேலைக் குழுவினர்க்கும் அவர்களுள் உள்ள இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்க்கும் புரியும்படி சொல்லிவிட்டு, அந்த மரத்தை விடுத்து அடுத்த நிரையில் வேலையைத் தொடரலாம். எலியும் குருவியும் அவ்விடத்தில் குறைந்ததும் பாம்பு ஓரிரவில் தானே இடம் மாறிவிடும். துணியை அதன் பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம்.